54 மாம்பழமும் ஒரு ரேக் ஃபைலும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

போன வாரம் எங்கள் வாசிப்பு ஏட்டின் மூன்றாம் பதிப்பு வேலை நடப்பதாக ஒரு படம் போட்டிருந்தேன். அதில் என் மடிக்கணினித் திரையில் கறுப்பாக ஏதோ ஓடுவதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்த வயசுல கோடிங்கா?" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். இரண்டு பேர் உட்பெட்டியில் வந்து, "அது எதுக்கு? வேர்டுலயே பண்ணலாமே" என்றும் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு பதில் எழுதுவதைவிட இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்து, 33 வருடம் ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பெடுத்தவள். கணினி ஆட்கள் இதில் குறை கண்டால் கமெண்டில் திருத்துங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் ஏடு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நான்கு பேர் சேர்ந்து, மாலை வகுப்புப் பிள்ளைகளுக்காக 36 பாடம் எழுதினோம். ஒவ்வொன்றிலும் அரைப்பக்கக் கதை, ஐந்தாறு கேள்வி, அதில் ஒன்று கண்டிப்பாகக் கணக்கு. பிள்ளைகளுக்குக் கேள்வி ஏடு, வகுப்பெடுக்கும் தன்னார்வலர்களுக்கு விடை ஏடு. இரண்டையும் பிடிஎஃப் ஆக்கி சிவகாசியில் கொடுத்து 300 பிரதி அடித்தோம். காசு எங்கள் பென்ஷன் காசுதான்.

17ஆம் பாடம் ஒரு மாம்பழக் கதை. 48 பழத்தை 6 பேருக்குப் பங்கு வைக்க வேண்டும். விடை 8. அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் பார்க்கிறேன், 16ஆம் பாடத்துக் கணக்குக்கும் விடை 8. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், பக்கத்துப் பக்கத்தைப் பார்த்து எழுதிவிடுவார்கள். அதனால் 48ஐ 54 ஆக்கினேன். அதே ஃபைலில் கீழே விடையையும் 9 என்று மாற்றினேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, மாற்றினேன். கேள்வி ஏட்டைத் திரும்பப் பிடிஎஃப் எடுத்தேன். விடை ஏட்டை எடுக்க மறந்துவிட்டேன். அதற்குள் பால்காரர் வந்தாரோ, போன் வந்ததோ, தெரியாது. பழைய விடை ஏடு அப்படியே அச்சுக்குப் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து ஒரு வகுப்பைப் பார்க்கப் போனேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஏட்டை நீட்டினாள். 17ஆம் பாடத்தில் 8 என்று எழுதியிருந்தாள். அதற்கடியில் காகிதம் தேய்ந்து மங்கலாக ஒரு 9. அழிரப்பரால் அழுத்தி அழித்த தடம். "முதல்ல 9னுதான் போட்டேன் டீச்சர். அக்கா தப்புன்னாங்க. அப்புறம் 8 போட்டேன், ரைட் போட்டாங்க" என்றாள். அந்த அக்கா மேல் தப்பில்லை. அவள் கையில் இருந்த விடை ஏட்டில் 8 என்றுதான் இருந்தது. நாங்கள்தான் அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம்.

அச்சில் வந்தது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, சரியாகப் போட்ட விடையை ஒரு பிள்ளை தன் கையால் அழித்திருக்கிறது. 33 வருடத்தில் எத்தனையோ நோட்டில் நான் தப்பாகத் திருத்தியிருப்பேன், ஆனால் அதெல்லாம் ஒரு நோட்டோடு போயிற்று. இது 300 பிரதி. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

திரும்பக் கிடைத்த பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்டினோம். நான்கு பேர், இரண்டு சாயங்காலம், ஒரு டப்பா பசை.

அந்தப் பொங்கலுக்கு என் பழைய மாணவி ஒருத்தி ஊருக்கு வந்திருந்தாள். சென்னையில் மென்பொருள் வேலை. என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவள், வாய்ப்பாடு ஒழுங்காகச் சொல்லமாட்டாள். கதையைக் கேட்டதும் சிரிக்காமல், "டீச்சர், இதே கதை 1976லயே நடந்திருக்கு" என்றாள்.

அமெரிக்காவில் பெல் ஆய்வகம். அங்கே ஸ்டீவ் ஜான்சன் என்று ஒரு பெரிய நிரலாளர். அவருடைய நிரலில் ஒரு பிழை. ஒரு காலை நேரம் முழுக்கத் தேடுகிறார், நிரலில் பிழையே தெரியவில்லை, ஆனால் ஓட்டினால் தப்பாக வருகிறது. கடைசியில் பார்த்தால் பிழையை அவர் ஏற்கனவே திருத்திவிட்டார். திருத்திய ஃபைலைத் திரும்ப இயந்திர மொழிக்கு மாற்றத்தான் மறந்திருக்கிறார். பழைய சரக்குதான் ஓடிக்கொண்டிருக்கிறது. விதியைத் திட்டிக்கொண்டே ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் என்ற சகாவின் அறைக்குள் போயிருக்கிறார். ஃபெல்ட்மேனும் முந்தின நாள் ராத்திரிதான் இதே வம்பில் மாட்டியிருந்தாராம். அதிலிருந்து பிறந்ததுதான் 'மேக்' என்ற கருவி. 2003ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் விருதை இதற்காகத்தான் அவருக்குக் கொடுத்தார்கள்.

பெல் ஆய்வகத்தில் இருந்தவருக்கே இந்த மறதி வந்திருக்கிறது என்று கேட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது, உண்மை.

மேக் என்ன செய்கிறது என்பதை அவள் அம்புக்குறி போட்டுப் படம் வரைந்து விளக்கினாள். எனக்கு அது ரேங்க் கார்டாகத்தான் புரிந்தது. மதிப்பெண் பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ரேங்க் கார்டு எழுதுகிறோம். எல்லாக் கார்டையும் வைத்து வகுப்புச் சுருக்கம் எழுதுகிறோம். எழுதி முடித்த பிறகு, ஒரு பையனின் சமூக அறிவியலில் கூட்டல் தப்பு என்று பதிவேட்டில் திருத்தினால் என்ன செய்வோம்? 40 கார்டையும் கிழித்துப்போட மாட்டோம். அவன் கார்டை மாற்றுவோம், அதை நம்பியிருக்கும் சுருக்கத்தை மாற்றுவோம். மற்றவை அப்படியே இருக்கும். எதற்கு எது ஆதாரம் என்று ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், எதை மறுபடி எழுத வேண்டும் என்பதை ஃபைல்களின் நேரத்தைப் பார்த்துக் கருவியே கண்டுபிடிக்கும். ஆதாரம் புதியது, அதிலிருந்து செய்தது பழையது என்றால், அதைத் திரும்பச் செய்யும்.

சரி, மேக்கையே வைத்துக்கொள்வோம் என்றேன். வேண்டாம் என்றாள். இரண்டு காரணம். ஒன்று, அதில் கட்டளை வரி டேப் எழுத்தில் தொடங்க வேண்டும். வெறும் இடைவெளி விட்டால் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யாது. இதை மாற்றலாம் என்று ஃபெல்ட்மேனுக்கே தோன்றியிருக்கிறது. அதற்குள் ஒரு டஜன் நண்பர்கள் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள், அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். அந்தப் பன்னிரண்டு பேருக்காக உலகமே இன்னும் டேப் அடித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது காரணம்தான் எங்களுக்கு முக்கியம். என்னிடம் விண்டோஸ். கணக்குப் பாடங்களைப் பார்க்கும் சாரிடம், அவர் மகனுக்கு பிளஸ் டூவில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. விண்டோஸ் கெட்டுப்போனபின் அதில் லினக்ஸ் மட்டும்தான் ஓடுகிறது. ஃபைலை நகலெடுக்க, அழிக்க என் கணினியில் ஒரு கட்டளை, அவருடையதில் வேறு. ஃபோல்டர் பெயர்களுக்கு நடுவே எனக்குக் கோடு ஒரு பக்கம் சாய்கிறது, அவருக்கு மறுபக்கம். மேக் தன் வேலைகளை அந்தந்தக் கணினியின் கட்டளைகளை வைத்துத்தான் செய்கிறது. ஆக, எனக்கு எழுதியது அவருக்கு ஓடாது.

அதனால் 'ரேக்' என்றாள். ரூபி என்ற மொழியில் ஜிம் வெய்ரிக் என்பவர் 2003இல் எழுதியது. மேக் செய்யும் அதே வேலைதான், ஆனால் விதிகளை எழுதுகிற ஃபைலே ஒரு ரூபி நிரல். நகலெடு, அழி, ஃபோல்டர் உண்டாக்கு என்பதையெல்லாம் ரூபியே செய்வதால் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே வரி போதும். விதியும் பார்க்க எளிது. ஒரு பக்கம் நமக்கு வேண்டிய ஃபைல், ஒரு அம்புக்குறி, மறுபக்கம் அதற்குத் தேவையானவை. எங்கள் விடை ஏட்டுக்கு மறுபக்கம் 36 பாட ஃபைலும் நிற்கின்றன. எந்தப் பாடத்தில் ஓர் எழுத்தைத் தொட்டாலும் கேள்வி ஏடு, விடை ஏடு இரண்டும் சேர்ந்தே மாறும். ஒன்றை விட்டு ஒன்று போக முடியாது. உரையைப் பிடிஎஃப் ஆக்கும் வேலையை 'பான்டாக்' செய்கிறது. அதை எழுதியவர் ஜான் மெக்ஃபார்லேன், பெர்க்லியில் தத்துவப் பேராசிரியர். இதைக் கேட்டபோது எனக்கு ஏனோ ஒரு தைரியம் வந்தது.

ஆனால் ரூபி தெரிய வேண்டுமே. "கோடிட்ட இடங்களை நிரப்புக, தெரியும்ல டீச்சர்?" என்று அவள் ஒன்றைக் காட்டினாள். ரூபி கோன்ஸ் என்று பெயர், அதே ஜிம் வெய்ரிக்கும் ஜோ ஓ'பிரையனும் செய்தது. ரூபி வரிகள் இருக்கும், நடுவில் ஒரு கோடு. கோட்டில் சரியான விடையை எழுதி, 'ரேக்' என்று தட்டினால் அடுத்த இடத்துக்குப் போகும். தப்பென்றால் எந்த ஃபைலில் எந்த வரி என்று சொல்லி நிற்கும். திட்டாது. பாடநூல் போட்டு விளக்கம் சொல்லி மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட இது எவ்வளவு மேல் என்று ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையாகச் சொல்கிறேன். தினம் மதியம் ஒரு மணி நேரம், இரண்டரை மாதம் போட்டேன். முழுதும் முடிக்கவில்லை, எங்களுக்கு வேண்டிய அளவு வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

வெய்ரிக் 2014 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். கடைசியாக அவர் கிட்ஹப்பில் வைத்த ஒரு சின்னத் திருத்தத்தின் கீழே, அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் வரிசையாக அஞ்சலி எழுதியிருக்கிறார்கள். மாணவி காட்டினாள். எனக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் ஓடும், ஆனாலும் ரொம்ப நேரம் படித்தேன்.

எல்லாம் சுலபமாக நடந்ததாக நினைக்க வேண்டாம். முதல் நாளே பத்தாம் பாடம் ஒன்றாம் பாடத்துக்கு அடுத்து வந்து நின்றது. கணினி பெயரை எழுத்தாகத்தான் வரிசைப்படுத்துகிறது, எண்ணாக அல்ல. 01, 02 என்று பெயர் மாற்றினோம். ஒரு ஃபைலின் பெயரில் முதல் ஆங்கில எழுத்தை நான் பெரிய எழுத்தாகப் போட்டிருந்தேன். விண்டோஸ் கண்டுகொள்ளவில்லை, சாருடைய லினக்ஸோ அப்படியொரு ஃபைலே இல்லை என்றது. அரை நாள் போயிற்று.

இதையெல்லாம்விட வேடிக்கை, சார் திருத்திய பாடங்கள் மட்டும் ஏட்டில் மாறவே இல்லை. ரேக் ஓடுகிறது, செய்ய ஒன்றுமில்லை என்று சும்மா இருக்கிறது. மாணவியிடம் போனில் சொன்னேன். "அவங்க கம்ப்யூட்டர்ல இன்னிக்கு என்ன தேதி காட்டுது, பாருங்க டீச்சர்" என்றாள். பார்த்தால் 2011 ஜனவரி! பழைய கணினி, உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி செத்துவிட்டது, அணைத்து எழுப்பும்போதெல்லாம் தேதி பின்னால் போய்விடுகிறது. இன்று திருத்திய பாடம் பல வருடம் முந்தையதாகத் தெரிகிறது. பிடிஎஃப் அதைவிடப் புதியது. ரேக் கணக்குப்படி எல்லாம் சரி! கடைத்தெருவில் பேட்டரி வாங்கிப் போட்டதும் தீர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அச்சுக்குக் கொடுக்கும் நாளில் செய்தவற்றையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து எடுக்கிறோம். அதற்கும் ரேக்கில் ஒரு கட்டளை இருக்கிறது.

இனி சோதனை. மாணவி இதில்தான் பிடிவாதமாக நின்றாள். "ஏட்டை உருவாக்குற நிரலும் தப்பு பண்ணும் டீச்சர். அதுக்கும் டெஸ்ட் வைக்கணும்." கேள்விகளை எண்ணுவது, விடைகளைப் பிரித்தெடுப்பது போன்ற வேலைகளை ரேக் ஃபைலிலிருந்து எடுத்துச் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தனியே வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பரீட்சை. உதாரணமாக, வேண்டுமென்றே மூன்று கேள்வியும் இரண்டு விடையும் உள்ள ஒரு பொய்ப் பாடம். அதைக் கொடுத்தால் நிரல் நின்று கத்த வேண்டும், கத்தாவிட்டால் நிரல் ஃபெயில். பரீட்சை எல்லாம் தேறினால்தான் பிடிஎஃப் பக்கமே போகும்.

அவள் சொன்ன இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு சோதனை ஒருமுறையாவது தோற்பதைக் கண்ணால் பார்க்காமல் அதை நம்பாதீர்கள் என்றாள். எழுதியதும் நிரலைக் கெடுத்துப் பார்ப்போம். சோதனை சிவப்பாக வந்தால், திரும்பச் சரிசெய்வோம். எல்லாப் பிள்ளைகளும் நூறு வாங்கும் வினாத்தாளை நாம் என்றைக்காவது நம்பியிருக்கிறோமா?

தமிழுக்கென்று நானே ஒரு சோதனை எழுதினேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஔவையார் என்பதில் முதலெழுத்து ஔ, ஓர் எழுத்து. ஆனால் தட்டச்சில் பலர் ஒ போட்டுப் பக்கத்தில் ள போட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் கிடைக்காது, போனில் வாய்விட்டு வாசிக்கும் செயலி ஒ-ள-வையார் என்று வாசிக்கும். எங்கள் நான்கு பேரில் இரண்டு பேர் இப்படித்தான் அடித்திருந்தோம். ஒ-வும் ள-வும் சேர்ந்து வந்தால் நிறுத்து என்று எழுதினேன். ஓட்டினால் 41 தப்பு! எங்கே எங்கே என்று பார்த்தால் ஒளி, ஒளிந்தான், ஒளிந்துகொண்டது. நரி புதரில் ஒளிந்த கதை ஒன்று, சூரிய ஒளிப் பாடம் இரண்டு. ள-வுக்குப் பின் உயிர்க்குறி வந்தால் விட்டுவிடு என்று மாற்றியதும் நான்கு மிஞ்சியது, நான்கும் உண்மையான தப்பு. மாணவிக்குச் சொன்னபோது, "இதுக்கும் ஒரு டெஸ்ட் எழுதிட்டீங்களா?" என்றாள். எழுதியிருந்தேன். ஔவையும் ஒளியும் கொண்ட ஒரே வாக்கியம், ஔவையை வேண்டுமென்றே தப்பாக அடித்தது. ஒன்றே ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும்.

கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகளிலும் இதே தொல்லைதான். 'கொ' என்பதன் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ரூபியில் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர ஒரு கட்டளை உண்டு. பாடத்தை வாசிக்கும் இடத்திலேயே அதைப் போட்டுவிட்டோம்.

"36 பாடத்துக்கு இவ்வளவு தேவையா? கொசு அடிக்க பீரங்கியா?" என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பத்துப் பக்கத் துண்டறிக்கைக்கு இதெல்லாம் வேண்டாம், வேர்டு போதும். ஆனால் ஆதாரம் ஒன்று, அதிலிருந்து எடுப்பது இரண்டு மூன்று, தொடும் கைகள் நான்கு என்று ஆகிவிட்டால் ஞாபகத்தை நம்பக்கூடாது. என் ஞாபகத்தை நான் நம்பியதற்குத்தான் அந்தப் பிள்ளை 9ஐ அழித்தாள்.

இது எல்லாவற்றையும் பிடிக்கும் என்றும் சொல்ல மாட்டேன். 54ஐ 6ஆல் வகுத்தால் 7 என்று நானே பாடத்தில் எழுதினால், கேள்வி ஆறு, விடை ஆறு என்று எண்ணிப் பார்த்துப் பச்சை காட்டும். அதற்காக ஒரு வேலை செய்திருக்கிறோம். கணக்கு சார் விடைகளைப் பார்க்காமல், கேள்வி ஏட்டை மட்டும் வைத்துப் பேனாவால் போட்டு, தன் விடைகளைத் தனி ஃபைலில் தருவார். ரேக் இரண்டையும் ஒப்பிடும். இரண்டாம் பதிப்பில் மூன்று இடத்தில் இடித்தது. இரண்டு என் தப்பு, ஒன்று அவருடையது. அந்த ஒன்றை அவர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை, கேள்வி தெளிவாக இல்லை என்கிறார்.

இரண்டாம் பதிப்பு வந்ததும் முதல் பிரதியை அந்தப் பிள்ளைக்குக் கொண்டுபோனேன். நாலாம் வகுப்புக்குப் போயிருந்தாள். 17ஆம் பாடத்தைத் திறந்து, "நீ போட்ட 9தான்மா சரி. டீச்சர்தான் தப்பாக் குடுத்துட்டேன்" என்றேன். விரலை விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப அக்காவுக்கும் சொல்லிருங்க டீச்சர்" என்றாள். சொல்லியிருந்தேன்.

மூன்றாம் பதிப்பு எப்போது என்று கேட்டவர்களுக்கு: இதை எழுதும்போது 23ஆம் பாடத்தில் கேள்வி ஆறு, விடை ஐந்து என்று சிவப்பில் நிற்கிறது. ஆறாவது விடை சாரின் நோட்டில் இருக்கிறது. அவர் மகள் வீட்டுக்குத் திருச்சி போயிருக்கிறார், செவ்வாய்க்கிழமை வந்துவிடுவார்.